ஊரிக் குடம்பிகளைச் சாட்சிக்குக் கூப்பிட்ட கிழமை

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அதிகம் கேட்கப்படப் போகும் கேள்விக்கும் அறிவியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "ஊரியைப் படிச்சு என்ன பிரயோசனம்?" என்பதே அந்தக் கேள்வி; ஊரி என்பது நாம் வளர்க்கும் ஓட்டு நத்தை. கலியாண வீட்டில் கேட்பார்கள், பஸ்சில் பக்கத்தில் இருப்பவர் கேட்பார், வங்கியில் கேட்பார்கள். நான் ஓய்வுபெறும்வரை அதற்கு ஒரு நல்ல பதில் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு கிழமை, ஒரு வாரம் மட்டும் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்தக் கிழமை எல்லோருக்கும் ஊரி தேவைப்பட்டது. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். தண்ணீர் மாற்றுவது, அமிலத்தன்மை அளப்பது, குடம்பிகள் என்கிற ஊரிக் குஞ்சுகளுக்குப் பாசி கொடுப்பது எல்லாவற்றையும் என்னோடு வேலை செய்த வதனி உங்களுக்குப் பழக்குவார். அவற்றில் என் கை ஒருபோதும் அவருடைய கையளவு சுத்தமாக இருந்ததில்லை.

அப்போது நமது நிலையம் முல்லைத்தீவுக் கரையில் மூன்று அறைகளோடு இருந்தது. அதற்குமுன் அது நிவாரணக் கூடாரங்கள் அடுக்கி வைத்த களஞ்சியம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு எனப்படும் உப்பங்கழி, நடுவில் நாங்கள். களப்பில் கிடக்கும் சிறிய ஊரியின் முட்டைகளை எடுத்து, பொரித்து, அதன் குடம்பிகளை நாலு வகைத் தண்ணீரில் வளர்த்தோம். ஒன்றில் சாதாரணக் கடல்நீர். ஒன்றில் சற்றுச் சூடாக்கிய நீர். ஒன்றில் சோடாப் போத்தலுக்குள் அடைக்கிற அதே வாயுவைக் கரைத்துப் புளிக்கவைத்த நீர். கடைசித் தொட்டியில் சூடும் புளிப்பும் இரண்டும். வானத்தில் அந்த வாயு கூடக் கூடக் கடல் அதை உறிஞ்சிக்கொண்டு மெல்ல மெல்லப் புளிக்கிறது, சூடும் ஏறுகிறது. இனி வரப்போகும் கடலில் ஊரி எப்படிப் பிழைக்கும் என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் வேலை.

குடம்பியை நீங்கள் நுணுக்குக்காட்டியில் பார்த்திருப்பீர்கள். உப்புக்கல்லைவிடச் சிறியது. இரண்டு மெல்லிய மடல்களை விரித்துச் சுழற்றிக்கொண்டு நீந்தும். முதுகில் கண்ணாடி போல ஒரு சின்ன ஓடு. நல்ல தண்ணீரில் அந்த ஓட்டின் விளிம்பு வழுவழுப்பாக இருக்கும். புளித்த தண்ணீரில் எலி கொறித்த விசுக்கோத்து மாதிரி இருக்கும். சூடும் சேர்ந்தால் ஓடு கட்டுவதற்கு வைத்திருந்த சக்தியை உயிர் பிழைக்கவே செலவழித்துவிட்டு, நீந்த முடியாமல் அடியில் போய்ப் படுத்துவிடும்.

அந்த வருடம் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் நான் ஒரு சிறு விளக்கம் கொடுத்தேன். கொறித்த ஓட்டோடு ஒரு குடம்பியின் படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினேன். தேநீரும் வடையும் தந்தார்கள். கேள்வி எதுவும் வரவில்லை. கூட்டம் நன்றாக நடந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மாசி கழிந்து வெயில் ஏறியது. மழை வழமையைவிட நேரத்தோடு நின்றுவிட்டதால், கடலோடு சேரும் களப்பின் வாயை மணல் அடைத்துவிட்டது. உள்ளே தண்ணீர் சூடேறிக் கிடந்தது. ஒருநாள் விடியக் கரை நீளத்துக்கு ஊரிகள் செத்து ஒதுங்கியிருந்தன. எடுத்துப் பார்த்தால் ஓடு வெளிறி, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. அதற்குப் பிறகு நண்டும் குறைந்தது. வலையில் வந்த மீனும் மண் நாற்றம் அடித்தது.

களப்பின் வடக்குக் கரையில் நிஸ்தார் என்பவர் ஓர் இறால் பண்ணை வைத்திருந்தார். முல்லைத்தீவில் பிறந்தவர். சிறுவயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, பிறகு தகப்பனின் காணிக்குத் திரும்பி வந்தவர். களப்பில் வேறு பண்ணை இல்லை. எனவே யோசிக்க அதிகம் தேவைப்படவில்லை. அவர் குளத்துக்குப் போடும் பவுடர்தான் களப்பைக் கொல்கிறது என்று முதலில் கடையில் கதைத்தார்கள், பிறகு கோயிலில் கதைத்தார்கள். பண்ணையின் மதகுப் பலகையை யாரோ உடைத்தார்கள். வேலைக்கு வந்தவர்கள் வராமல் நின்றார்கள். நிஸ்தாரின் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்குத் திரும்பிவிட்டார்.

அதன் பிறகுதான் பண்ணைக்குத் திரும்பும் வீதி முடக்கில் பெரிய துணிப் பனர் கட்டினார்கள்.

வதனிதான் வந்து சொன்னார். அவர் முரசுமோட்டையில் நெல் விதைக்கிற குடும்பத்துப் பிள்ளை. பட்டப்படிப்பு முடித்து எங்களிடம் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. "மிஸ், எங்கட குடம்பி ரோட்டில தொங்குது" என்றார். நான் போய்ப் பார்த்தேன். சங்கக் கூட்டத்தில் காட்டிய அதே படம். உப்புக்கல்லைவிடச் சிறிய பிராணி லொறிக் கதவளவுக்கு விரிந்து கிடந்தது. கீழே 'பண்ணை நஞ்சால் அழியும் எமது வளம்' என்று சிவப்பு எழுத்து. அச்சுத் தரம் நன்றாகவே இருந்தது. என் அறிக்கைகளில் அந்தப் படம் ஒருபோதும் அவ்வளவு தெளிவாக வந்ததில்லை.

அந்தக் குடம்பி களப்பைக் கண்ணாலும் கண்டதில்லை. எங்கள் அறைக்குள், நான் வாயு விட்ட தொட்டியில் பிறந்து அங்கேயே செத்தது.

அன்று பின்னேரம் சங்கத் தலைவர் சூசைதாசன் சில ஆட்களோடு நிலையத்துக்கு வந்தார். களப்பில் தொழில் செய்தே நாலு பிள்ளைகளை வளர்த்தவர். சத்தம் போட்டுக் கதைக்காத மனிதர். அதனால்தான் அவர் சொன்னால் ஆட்கள் கேட்பார்கள்.

"மிஸ், அண்டைக்கு நீங்கள்தானே படம் போட்டுக் காட்டினீங்கள்? புளிச்ச தண்ணியில ஓடு கரையும் எண்டு?"

"ஓம் அண்ணை, காட்டினனான்."

"இப்ப களப்பில ஓடு கரையுது. அப்ப தண்ணி புளிச்சுப் போச்சு. புளிக்கப் பண்ணினது ஆர்?"

"அது எனக்குத் தெரியாது."

"படிச்ச உங்களுக்குத் தெரியேல்லை, எங்களுக்குத் தெரியுது."

"அண்ணை, நீங்கள் பனரில போட்ட குடம்பி இந்த அறைக்குள்ள இருந்தது. அதின்ர தண்ணியைப் புளிக்கப் பண்ணினது நான்."

பின்னால் நின்ற ஒருவர், "அப்ப மிஸ்சுக்கு எதிராத்தான் பனர் கட்டியிருக்க வேணும்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சூசைதாசன் சிரிக்கவில்லை. வருகிற கிழமை கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், பண்ணையின் அனுமதி பற்றிக் கூட்டம் இருக்கிறது, அதற்கு வந்து பண்ணைதான் காரணம் என்று சொல்லவேண்டும் என்றார். "நீங்கள் வரேல்லை எண்டா சனம் கூட்டம் வரைக்கும் பொறுக்குமோ தெரியாது. நான் எத்தினை பேரைப் பிடிச்சு வைக்கிறது?" அது மிரட்டல் அல்ல. அவர் உண்மையாகவே களைத்துப் போயிருந்தார்.

அடுத்த நாள் நிஸ்தார் மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால் வேறு கதை வரும் என்று அவரே சொன்னார்.

"மிஸ், உலகம் முழுக்கக் கடல் சூடாகுது, புளிக்குது எண்டு நீங்கள் சங்கத்தில சொன்னதாக் கேள்விப்பட்டன். கச்சேரியிலயும் அதைச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேணாம்."

"அது உண்மைதான். ஆனா உங்கட தண்ணி நல்லது எண்டு அதை வச்சுச் சொல்லேலாது."

"என்ர தண்ணியில அப்பிடி ஒண்டும் இல்லை."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாத்தால்தான் தெரியும்."

"சின்னப் பொடியனாப் போய், நரைச்ச பிறகு வந்தனான் மிஸ். இனி எங்க போறது?" என்றார்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் அப்போது எங்கள் பொறுப்பதிகாரியாக இருந்தார். அவரிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். "தங்கச்சி, எங்கட ஆய்வு குடம்பியைப் பற்றினது. பண்ணையைப் பற்றினது இல்லை. 'இது எமது ஆய்வின் எல்லைக்குள் அடங்காது.' இந்த ஒரு வசனத்தைச் சொல்லிப்போட்டு இருங்கோ. வசனத்தில பிழை இருக்கோ?" என்று கேட்டார்.

வசனத்தில் பிழை இல்லை. அவருடைய வசனங்களில் பிழை இருக்காது. அதில் ஒளிந்துகொள்ள எனக்கும் நல்ல விருப்பம் இருந்தது. ஆனால் முடக்கில் என் படம் ஏற்கெனவே எனக்காகப் பேசிக்கொண்டிருந்தது. நான் வாய் திறக்காவிட்டால் அது சொல்வதுதான் என் சொல்லாகிவிடும். நாளைக்கு அந்தப் பண்ணைக்கு நெருப்பு வைத்தால், வைத்தவன் கையில் இருக்கும் ஆதாரம் நான் எடுத்த படமாக இருக்கும். பண்ணைதான் என்று சொல்வதும் பொய், உலகம்தான் என்று சொல்வதும் பொய், எல்லைக்குள் அடங்காது என்பது இலக்கண சுத்தமான பொய்.

வதனியைக் கூப்பிட்டு, தொட்டியில் குடம்பிகள் எவ்வளவு இருக்கின்றன என்று கேட்டேன். காலையில்தான் ஒரு தொகுதி பொரித்திருந்தது. எல்லாம் நல்ல கடல்நீரில் பொரித்தவை.

சூசைதாசனையும் நிஸ்தாரையும் ஒன்றாகக் கூப்பிட்டேன். இருவரும் வந்து, அறையின் இரு மூலைகளில் கதிரையைப் போட்டுக்கொண்டார்கள். நாலு இடத்தில் தண்ணீர் எடுப்போம், அதில் ஒரே முட்டைத் தொகுதியில் வந்த குடம்பிகளை விடுவோம், இரண்டு பேரும் வந்து பாருங்கள் என்றேன். அதற்குமுன் இருவரும் எனக்கு ஒரு பதில் சொல்லவேண்டும்.

"நிஸ்தார், உங்கட தண்ணி கூடாது எண்டு வந்தா என்ன செய்வியள்?"

"வாய் அடைச்சிருக்கிற காலத்தில களப்புக்குள்ள தண்ணி விடமாட்டன்" என்றார்.

"அண்ணை, பண்ணை இல்லாத இடத்திலயும் குடம்பி செத்தா?"

"சாகாது மிஸ்."

"செத்தா?"

"பனரைக் கழட்டுவம்" என்றார், சாகாது என்ற முகத்தோடு.

முடிவு வந்த பிறகு இந்தக் கேள்விகளைக் கேட்கப் போனால் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஒரே வள்ளத்தில் போனோம். சூசைதாசன் ஒரு முனையில், நிஸ்தார் மறு முனையில், நடுவில் போத்தல்களோடு வதனி. வதனிக்கு நீந்தத் தெரியாது. தலைவர், "பிள்ளை, அவரைக் கொஞ்சம் இஞ்சாலை தள்ளி இருக்கச் சொல்லு, வள்ளம் சரியுது" என்பார். வதனி திரும்பிச் சொல்வார். நிஸ்தார், "நான் தள்ளியிருந்தா அந்தப் பக்கம் சரியும் எண்டு சொல்லுங்கோ" என்பார். வதனி வள்ளத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி இரு பக்கத்துச் செய்தியையும் ஒழுங்காகச் சேர்த்தார். பண்ணையின் வாய்க்கால் வந்து விழும் இடத்தில் ஒரு போத்தல், அடைபட்ட வாய்க்கு அருகில் ஒரு போத்தல், பண்ணைக்குத் தூரத்தில் தெற்கு மூலையில் ஒரு போத்தல். பிறகு மணல்மேட்டில் ஏறி இறங்கி, திறந்த கடலில் ஒரு போத்தல்.

அந்தத் தண்ணீர்களில் குடம்பிகளை விட்டு, எல்லோரும் பார்க்க வந்த நாளில் அறை நிறைய ஆட்கள். அவர்கள் வருவதற்கு முன் வதனி என்னைத் தனியே கூப்பிட்டார். பண்ணைத் தண்ணீர்க் கோப்பையில் அநேகமான குடம்பிகள் அடியில் படுத்திருந்தன. "மிஸ், இதை முதல்ல கண்டா மிச்சத்தைப் பாக்க மாட்டாங்கள். நேரே பண்ணைக்குத்தான் போவாங்கள். கோப்பையை ஒளிப்பமோ?" அவர் பயப்பட நியாயம் இருந்தது. வெளியே மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றுகொண்டிருந்தன.

"கோப்பையை ஒளிக்கேலாது. பேரை ஒளிப்பம்" என்றேன்.

நாலு கோப்பைகளின் பெயர்களையும் ஒட்டுத்தாளால் மூடி, இடம் மாற்றி வைத்தோம். சூசைதாசனிடம், "நீங்களே பாத்துச் சொல்லுங்கோ அண்ணை. எது மோசம், எது நல்லம் எண்டு வரிசையா அடுக்குங்கோ" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நுணுக்குக்காட்டியில் குனிந்தார். முதலில் தன் கண்ணிமை மயிரைத்தான் பார்த்தார், எல்லோரும் அப்படித்தான். பிறகு அசையாமல் நின்றார்.

"இதுகள் சீவனோடயோ?"

"ஓம்."

"இவ்வளவு சின்னனா ஊரி?"

"ஓம் அண்ணை. இதிலயிருந்துதான்."

மற்றவர்கள் அவசரப்பட்டார்கள். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கோப்பையையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். கடைசியில் ஒன்றைத் தள்ளி வைத்தார். "இதில ஒண்டும் நீந்தேல்லை. ஓடு முழுக்கக் கடிச்ச மாதிரி. இதுதான் பண்ணைத் தண்ணி." அடுத்ததையும் அதற்கடுத்ததையும் வரிசையில் வைத்தார். கடைசிக் கோப்பையைக் காட்டி, "இது கடல். எழும்பித் திரியுதுகள்" என்றார்.

வதனி முதல் கோப்பையின் தாளை உரித்தார். தெற்கு மூலை.

தெற்கு மூலையில்தான் சூசைதாசனின் வலை கிடக்கும். சுவரோரமாக நின்ற நிஸ்தாரிடமிருந்து ஒரு சிரிப்பு வெளிப்பட்டது.

"சிரிக்காதேங்கோ நிஸ்தார். உங்கட இன்னும் உரிக்கேல்லை" என்றேன்.

இரண்டாவது கோப்பையின் தாளை வதனி உரித்தார். பண்ணை. சிரிப்பு நின்றது. மூன்றாவது வாய்ப்பக்கம். நாலாவது கடல்தான்.

இங்கேதான் கவனம் தேவை. குடம்பிகள் தண்ணீர் கூடாது என்று மட்டும்தான் சொல்லும், ஏன் கூடாது என்று சொல்லாது. அதைக் கேட்க இன்னொரு முறை பார்க்கவேண்டும் என்றேன். மூன்று களப்புத் தண்ணீரையும் நிழலில் வைத்துக் குளிரவிட்டு, வளி ஊதிக் கரைந்திருந்த வாயுவை வெளியேற்றி, புதிய குடம்பிகளை விட்டோம். தெற்கு மூலைத் தண்ணீரிலும் வாய்ப்பக்கத் தண்ணீரிலும் அவை நீந்தின. பண்ணைத் தண்ணீரில் பாதி நீந்தின, பாதி நீந்தவில்லை. ஆக, பண்ணைத் தண்ணீரில் வேறு ஏதோவும் இருந்தது. ஆனால் களப்பு முழுவதையும் கெடுத்தது, அடைபட்ட தண்ணீரில் பாசியும் சாதாளை என்ற கடற்புல்லும் அழுகி விட்ட வாயுவும், அந்த வருடத்து வெயிலும்தான். வாயை வெட்டிவிட்டிருந்தால் கடல் உள்ளே வந்து கலக்கியிருக்கும்.

வாயை ஏன் வெட்டவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. களப்புக்குள் அடைபட்ட இறால் இன்னும் கொஞ்சம் வளரட்டும், பிறகு வெட்டுவோம் என்று சங்கம்தான் தள்ளிப்போட்டது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். சூசைதாசன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

கச்சேரிக் கூட்டத்தில் நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். பண்ணை மூடவேண்டும் என்று வந்தவர்களுக்கும் திருப்தி இல்லை, பண்ணைக்குக் குற்றமே இல்லை என்று வந்தவருக்கும் திருப்தி இல்லை. வாய் அடைபட்டிருக்கும் காலத்தில் பண்ணைத் தண்ணீர் களப்புக்குள் வரக்கூடாது, வாயை உடனே வெட்டவேண்டும் என்று முடிவானது. பொறுப்பதிகாரி தொலைபேசியில், "நான் சொன்ன வசனம் சின்னதாயிருந்தது, தங்கச்சி" என்றார். பிறகு தெற்கு மூலைத் தண்ணீரில் ஊதிய வளியின் அளவைக் கேட்டார். அவர் அப்படித்தான் பாராட்டுவார்.

நீங்கள் எதிர்பார்ப்பது போல அவர்கள் இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை. என்னோடும் சில காலம் சங்கத்தில் யாரும் கதைக்கவில்லை. பனரைக் கழற்றினார்கள். அது நல்ல தடித்த துணி, பிறகு யாருடைய கோழிக்கூட்டின் மேலோ கிடந்தது. நிஸ்தாரின் மனைவியும் பிள்ளைகளும் பள்ளி விடுமுறைக்குப் பிறகு திரும்பி வந்தார்கள்.

வாய் வெட்டுகிற நாளில் வதனியும் நானும் போனோம். குளம் தோண்டுகிற தன் இயந்திரத்தை நிஸ்தார் அனுப்பியிருந்தார். சங்கத்து ஆட்கள் அதைப் பார்க்காத மாதிரி மண்வெட்டியால் வெட்டினார்கள். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு, பார்க்காத மாதிரியே அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். கறுத்த தண்ணீர் நுரைத்துக்கொண்டு கடலுக்கு ஓடியது. வற்றுப் பெருக்கு மாறி நீர்மட்டம் ஏறியதும் கடல் உள்ளே வரத் தொடங்கியது.

சூசைதாசன் வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னோடு கதைத்தார்.

"கடல் தண்ணி வந்திட்டுது. இனி ஊரிக்குப் பயமில்லைத்தானே, மிஸ்?"

"இப்போதைக்கு ஓம்."

"இப்போதைக்கு எண்டா?"

சொல்வதா விடுவதா என்று யோசித்தேன். கடல்நீர்க் கோப்பையிலும் சில குடம்பிகளின் ஓட்டு விளிம்பு சொரசொரத்திருந்ததை வதனி கண்டிருந்தார். நான் வேலைக்கு வந்த காலத்துக் கடல்நீரில் அப்படி ஒன்றைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. ஞாபகத்தை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது என்பதையும் சேர்த்து அவருக்குச் சொன்னேன்.

அவர் களப்பைப் பார்த்தார். பிறகு மறுபக்கம் திரும்பி, எல்லை தெரியாத அந்தத் தண்ணீரைப் பார்த்தார்.

"களப்பு புளிச்சா இப்பிடி வெட்டி விடலாம். கடலுக்கு ஆர் வாய் வெட்டுறது?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. யாரிடம் போய்க் கேட்கவேண்டும், எந்தக் கச்சேரி என்று தெரிந்தால் நாளைக்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர் போலக் கேட்டார். என் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்காக நின்றார். அதற்குள் மணல்மேடு ஒரு பக்கம் சரிந்து விழ, ஆட்கள் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

வதனி செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு கடல் பக்கம் இறங்கினார்.